அன்றாட ஜோடி: பதிவேட்டில் ஒரு திருத்தம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலத்தை ஆதி முதல் வாட்டி வரும் மாபெரும் கேள்விக்கு, அதாவது தினப்படி எழுதுவதற்கு எந்தப் பேனாவில் எந்த மையை ஊற்றுவது என்ற கேள்விக்கு, சென்ற ஆண்டு இதே மேடையில் நான் சொன்ன பதில் பொய்.

மேடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஸ்டேஷனரிக் கடை மாடியில், நோட்டுக் கட்டுகளுக்கு நடுவே பதின்மூன்று நாற்காலி போட்டு, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்பதைத்தான் நாம் பத்து வருடமாக மேடை என்று சொல்லி வருகிறோம். தலைவர் ஏறும்போது மட்டும் இரண்டு பேர் பெட்டியைப் பிடித்துக்கொள்வது வழக்கம்.

நமது மைப்பேனா அன்பர் வட்டத்தின் விதி ஏழு உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் ‘என் அன்றாட ஜோடி’ என்ற தலைப்பில் உறுப்பினர் அறிவிக்கும் பேனாவும் மையும் மெய்யானவையாக இருத்தல் வேண்டும். பொய்யான ஜோடி பதிவேட்டில் ஏறியிருப்பின், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் முழு விவரத்துடன் எழுத்து மூலம் திருத்தப்படுதல் வேண்டும். இதை இயற்றியவர் நம் தலைவர். அவர் டயர்க் கடை நடத்துகிறார். ‘வேண்டும் வேண்டும்’ என்று எழுத வாய்ப்பே கொடுக்காத தொழில் அது. அந்த ஏக்கத்தையெல்லாம் நம் விதிகளில் தீர்த்துக்கொண்டார். ஆனாலும் விதி விதிதான். பதிவேட்டில் ஒரு பொய் கிடக்கிறது என்ற நினைப்பு ஒரு வருடமாக என்னைத் தூங்கவிடவில்லை.

சென்ற ஆண்டு நான் அறிவித்தது இது: நடுத்தர நிப்பு, கறுப்பு உடல், சாதாரண நீலம். ‘எளிமையே என் ஜோடி’ என்று முடித்தேன். பல் டாக்டர் ‘அடடா’ என்றார். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு பல் டாக்டருக்கு. கடல்பச்சையில் தங்கத் துகள் மிதக்கும் மை. அந்த மையில் அவர் எழுதிய சீட்டை மருந்துக் கடைக்காரர் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ரசித்துவிட்டு, அப்புறம் போன் போட்டு என்ன மருந்து என்று கேட்பாராம். அதை அவரே பெருமையாகச் சொன்னார்.

சென்ற ஆண்டு நான் உண்மையில் கையாண்ட ஜோடி வேறு. மெல்லிய நிப்பு வைத்த பழுப்பு நிறப் பேனா. அதனுள் தையற்காரர்கள் துணியில் குறி போடும் ஊதாத் திரவம்.

இந்த இடத்தில் சிலர் எழுந்திருப்பீர்கள் என்று தெரியும். மைப்பேனாவுக்குள் மை அல்லாத ஒன்றை ஊற்றுவது நம் வட்டத்தில் எவ்வளவு பெரிய பாவம் என்பதை நான் அறிவேன். நிப்புக்கு ஒரு கேடும் வரவில்லை. வாரம் தவறாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பஞ்சால் ஒற்றி எடுத்தேன். உட்காருங்கள்.

முழு விவரத்துடன் என்று விதி சொல்வதால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்து வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நீங்கள் யாரும் என்னைக் கேட்டதில்லை. குடிநீர் அலுவலகத்தில் அனுப்புகைப் பிரிவு. எல்லாரும் எழுதுவதை நான் மடித்து, ஒட்டி, முகவரி எழுதி, பையில் போடுகிறேன். எந்தத் தபால்பெட்டியை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எந்த ஊருக்குக் கடிதம் போக எத்தனை நாளாகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருபத்தாறு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு கடிதம் தொலைந்ததில்லை. அக்கா எழுதிய கடிதங்களையும் ஒன்று விடாமல் தபாலில் சேர்த்தேன்.

அக்கா என் வீட்டுக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன். அவள் வீட்டுக்காரர் போய் வெகுநாளாகிவிட்டது. மகள் தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறாள். அக்காவின் கழுத்தில் வந்த கட்டியை அந்த ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். கட்டியோடு குரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. மறுபடி ஏதாவது தட்டுப்பட்டால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் வீட்டில் அப்போது ஒரே அறை. அதில் கணவன், கைக்குழந்தை, காய்கிற துணிகள். ‘ஆறு மாசம் உங்ககூட இருக்கட்டும் மாமா, பெரிய வீடா பாத்துட்டுக் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லிவிட்டு என்னிடம் கொண்டு வந்து விட்டாள்.

அதற்கு முன் என் வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு நாற்காலியும் இருந்தன. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை ‘வரேன் சார்’ என்று சொன்னால், திங்கட்கிழமை காலை ‘வாங்க சார்’ என்று யாராவது சொல்லும் வரை என் காதில் விழும் மனிதக் குரல் உங்களுடையது மட்டும்தான். ஞாயிறு தோறும் இங்கே வருவேன். ஒவ்வொருவரும் தன் ஜோடியைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். நானும் காத்திருப்பேன். குறை சொல்லவில்லை, எல்லா இடத்திலும் பேச்சு அப்படித்தான் நடக்கிறது.

குரல் போன ஒருத்தி வந்த பிறகுதான் என் வீட்டில் பேச்சு என்ற ஒன்று வந்தது. இரண்டாவது நாற்காலி வாங்கினேன். அக்காவுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். பேச்சில் எப்படியோ, அப்படியே சிலேட்டிலும் வெடுக்கென்று எழுதுவாள். தினமும் மாலை அன்றைய பேனாவையும் மையையும் அவளுக்குக் காட்டுவேன். ஒரு வரி எழுதிக் காட்டுவேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பாள்.

‘இது போன வாரத்து நீலம்தானே? எனக்கு எல்லாம் ஒரே நீலமாத்தான் தெரியுது.’

“இல்லக்கா, நல்லாப் பாரு. இதுல லேசா ஒரு சாம்பல் இருக்கு.”

‘சாம்பல் உன் தலையிலதான் இருக்கு. போய் முடிவெட்டிட்டு வா.’

கிண்டல் செய்தாலும் பார்க்காமல் இருக்க மாட்டாள். நான் வர ஐந்து நிமிடம் தாமதமானால் ஜன்னலில் நிற்பாள். அன்றாட ஜோடி என்றால் என்ன என்பது எனக்கு அந்தப் பதினெட்டு மாதத்தில்தான் புரிந்தது. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆறு மாதம் என்றது பதினெட்டு மாதமாயிற்று. என் வீட்டில் போன் கிடையாது. அக்கா மகள் அலுவலகத்துக்குத்தான் பேசுவாள். மேலாளர் தலையைத் தூக்காமல் ரிசீவரை மட்டும் நீட்டுவார். ஒரு நாள் அவள் குரலில் துள்ளல்.

“மாமா, வீடு பாத்துட்டோம்! மூணு ரூம். அம்மாவுக்குத் தனி ரூம், வெளிச்சமா இருக்கு. அம்மாகிட்டச் சொல்லுங்க, எப்ப வர்றாங்கன்னு ஒரு லெட்டர் போடச் சொல்லுங்க. நான் லீவு எழுதிக் குடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

நான் இதை மறைக்கவில்லை. அன்று மாலையே ஒரு வார்த்தை குறையாமல் அக்காவிடம் சொன்னேன். அக்கா சிலேட்டைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த சிலேட்டை மறுபடியும் துடைத்தாள். பிறகு எழுதினாள்: ‘நானே அவளுக்கு எழுதிக்கறேன்.’

போகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வராமல் கடிதத்தில் தள்ளுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு மனிதர்களை நன்றாகப் புரியும்.

எங்கள் தெருமுனையில் ஒரு தையற்காரர் இருக்கிறார். துணியை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று ஊதாக் கோடு போட்டுக்கொள்வார். அந்தக் கோடு இரண்டு நாளில் தானே போய்விடும். துவைக்க வேண்டியதில்லை, ஒரு கறையும் இருக்காது. அவரிடம் ஒரு சிறு புட்டி கேட்டு வாங்கினேன். ‘உங்களுக்கு எதுக்கு சார்?’ என்றார். ‘ஒரு சின்ன சோதனை’ என்றேன். அது உண்மை. நம் வட்டத்தில் புது மை வந்தால் என்னென்ன செய்து பார்ப்போமோ, எல்லாம் செய்தேன். ஓட்டம் நன்று. காகிதத்தில் பரவல் இல்லை. பின்பக்கம் கசிவு இல்லை. உலர ஆறு வினாடி. திறந்த தாளில் ஆயுள் நாற்பது மணி நேரம். உறைக்குள் மூன்றரை நாள். அக்கா மகளின் ஊருக்குத் தபால் ஐந்து நாள்.

அக்கா அதுவரை பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதுவாள். கல்லில் செதுக்குவது மாதிரி அழுத்தி எழுதுவாள். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவியே படித்துவிடலாம். மைப்பேனாவில் அந்தத் தொல்லை இல்லை. நிப்பு காகிதத்தை அழுத்தாது, தொட்டுக்கொண்டே போகும். மையை எடுத்துவிட்டால் எழுதிய தடமே இருக்காது. மைப்பேனாவின் மேன்மையைப் பற்றி இங்கே எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறீர்கள். இதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

“அக்கா, மகளுக்குப் போடற லெட்டரையாவது நல்ல பேனாவுல எழுதேன்.”

‘ஏன், பால்பாயிண்ட்ல எழுதினா அவளுக்குப் படிக்கத் தெரியாதா?’

“அது அழகில்லக்கா.”

என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். சத்தம் இல்லாததால் அவள் சிரிப்பைக் கண்ணில்தான் தேட வேண்டும்.

‘சரி, குடு. உனக்கு அதுல ஒரு சந்தோஷம்னா எனக்கென்ன. ஆனா ஊதா எதுக்குடா? நான் என்ன பள்ளிக்கூடத்துப் பொண்ணா?’

முதல் கடிதம் இரண்டு தாள். எழுதி முடித்து அவளே மடித்து உறையில் வைத்து ஒட்டினாள். முகவரியை நான் எழுதினேன், ஆவணங்களுக்குப் போடும் அழியாத கறுப்பில். அந்த மை நூறு வருடம் நிற்கும். மறுநாள் காலை எட்டரை மணிக்குத் திறக்கும் பெட்டியில் போட்டேன். அவள் என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அனுப்புகைப் பிரிவில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

ஏழாம் நாள் போன் வந்தது.

“மாமா, அம்மாகிட்டேருந்து லெட்டர் வந்துச்சு.”

“எப்ப வந்துச்சு? அஞ்சு நாள்ல வந்திருக்கணுமே.”

“அதெல்லாம் சரியா வந்துச்சு. ஆனா மாமா… உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் தாளு. ரெண்டு வெறும் தாளை அழகா மடிச்சு வெச்சிருக்காங்க.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“மேஜையில உக்காந்து ஒரு மணி நேரம் எழுதினாளேம்மா. நான் பாத்தேன்.”

“என்ன எழுதினாங்கன்னு பாத்தீங்களா?”

“அடுத்தவங்க லெட்டரை நான் படிக்கறதில்லம்மா.”

இதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று நீங்களே பாருங்கள்.

அடுத்து இன்னொரு கடிதம், அப்புறம் இன்னொன்று. பதினைந்து நாளுக்கு ஒரு முறை அக்கா மேஜையில் உட்காருவாள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு மகள் போனில் அழுதாள். அவள் ஆஸ்பத்திரியில் மூளை டாக்டரிடம் தாள்களைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். “இந்த மாதிரி மறதி ஆரம்பிச்சவங்களைப் பழகின இடத்தை விட்டு மாத்தினா இன்னும் மோசமாயிடுமாம் மாமா. பாத்ரூம் எங்கன்னுகூட மறந்துடுவாங்களாம். கொஞ்ச நாள் உங்ககூடவே இருக்கட்டுமா? வருஷக் கடைசியில எனக்கு லீவு கிடைக்கும், வந்து பாக்கறேன். உங்களுக்குச் சிரமமில்லையே?”

“எனக்கென்னம்மா சிரமம்” என்றேன். அன்று பஸ்ஸில் போகாமல் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் இரண்டு ஆரஞ்சுப் பழம் வாங்கினேன்.

அக்கா கேட்காமல் இல்லை.

‘பதில் ஏன் போடலை?’

“வேலைக்கா. எக்ஸ்ரே ரூமை விட்டு நகர முடியலியாம். லெட்டர் வந்துச்சுன்னு போன் பண்ணினா.”

‘ஊர்ல உள்ளவன் எலும்பையெல்லாம் பாக்கறா. அம்மா எழுத்தைப் பாக்க நேரமில்ல.’

எழுதிவிட்டு உடனே துடைத்தாள். அப்புறம் அதே இடத்தில், ‘பாவம், குழந்தையையும் வெச்சுக்கிட்டு’ என்று எழுதினாள்.

ஒரே ஒரு முறை சிக்கலானது. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடிதம் எழுதிவிட்டு, கை வலிக்கிறது என்று இழுப்பறையில் வைத்தாள். அது எனக்குத் தெரியாது. புதன்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பிறகு சிலேட்டை எடுத்தாள்.

‘ஞாயித்துக்கிழமை நான் எழுதினேன்ல? நீ பார்த்தல்ல?’

இதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் வரை யோசித்தேன்.

“இல்லக்கா. எழுதணும்னு சொல்லிட்டிருந்தே. பேனாவைக்கூட எடுத்து வெச்சே. அப்புறம் படுத்துட்டே.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து, சின்ன எழுத்தில் எழுதினாள்: ‘ரெண்டு பக்கம் எழுதின மாதிரி இருந்துது.’

“வயசானா இப்படித்தான் வரும்க்கா. நான் இருக்கேன்ல, என்னைக் கேளு” என்றேன். ஆதரவாகத்தான் சொன்னேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவளிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பாள். காலையில் எழுந்ததும் சிலேட்டின் மூலையில் கிழமையைக் குறித்துக்கொள்வாள். அவள் ஞாபகத்துக்கு உண்மையில் ஒரு குறையும் இல்லை. மாடி வீட்டுக்காரி இரவல் வாங்கிப்போன குடையை நாலு மாதம் கழித்துக் கேட்டு வாங்கியவள் அவள். ஆனால் அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். இப்போது தாயும் மகளும் ஒரே கருத்தில் இருந்தார்கள். குடும்பத்தில் கருத்து வேற்றுமை இல்லாமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கிண்டல் குறைந்தது. நான் மையைக் காட்டினால் ‘நல்லாருக்கு’ என்று மட்டும் எழுதுவாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கடிதங்கள் தொடங்கிய நாலாவது மாதம் கழுத்தில் சால்வை சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். ‘குளிருது’ என்று எழுதினாள். வெயில் காலம். ஆனால் வயதானவர்களுக்குக் குளிரும். பிறகு, சாதத்தைக் குழைத்துக் கேட்டாள். பிறகு, கரைத்துக் கேட்டாள். தூங்கும்போது மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டு வருடமாகச் சத்தமே வராத தொண்டையிலிருந்து அது வந்ததால், சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குத் துணையாகக்கூட இருந்தது. என்ன ஏது என்று நான் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். சொன்னால் மகளுக்குத் தகவல் போக வேண்டும். தகவல் போனால் மகள் வந்து கூட்டிப் போவாள். கேட்கவில்லை. அவளாகச் சொல்லாததை நானாகக் கிளறுவது நாகரிகமில்லை என்று இருந்துவிட்டேன்.

கடைசி மூன்று மாதம் வாரம் ஒரு கடிதம் எழுதினாள். அதையும் தவறாமல் தபாலில் சேர்த்தேன்.

சென்ற ஆண்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. நான் கிளம்பும்போது அக்கா மேஜையில் இருந்தாள். கடிதத்தை ஒட்டி முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிலேட்டில், ‘பரிசு வாங்கப் போறவன் காலரை ஒழுங்கா மடிச்சுட்டுப் போ’ என்று எழுதினாள். வெகுநாள் கழித்து அப்படி எழுதினாள். மடித்துக்கொண்டு வந்தேன். இங்கே வந்து ‘எளிமையே என் ஜோடி’ என்றேன். கை தட்டினீர்கள்.

நாலு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினேன். ஜன்னலோர நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சால்வை கீழே விழுந்திருந்தது. இரண்டு கையும் கழுத்தில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் பார்த்தார். கட்டி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது என்றார். “நாலு மாசமாவது இருந்திருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா? ஆரம்பத்துலயே வந்திருந்தா எடுத்திருக்கலாமே.”

“சால்வை போட்டிருந்தாங்க டாக்டர்” என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. யாருமே ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மகள் விமானம் பிடித்து மறுநாள் மதியம் வந்தாள். என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். “நீங்க மட்டும் இல்லேன்னா அம்மா என்ன ஆகியிருப்பாங்க மாமா” என்றாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது பையிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அனுப்பிய தாள்கள். இருபது உறைகள், நாற்பத்தோரு தாள்கள், எல்லாம் வெள்ளை.

“எனக்கு இதை வீட்ல வெச்சுக்க முடியல மாமா. தூக்கிப் போடவும் மனசு வரல. அம்மா கை பட்டது. நீங்களே வெச்சுக்குங்க.”

இந்தத் திருத்தத்தை அந்தத் தாள்களில்தான் எழுதியிருக்கிறேன். நல்ல காகிதம். இழை பிரியவில்லை, மை பரவவில்லை. வேண்டுமானால் கைமாற்றிப் பாருங்கள்.

அடுத்த இரண்டு ஞாயிறு நான் இங்கே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தபோது, ‘என்ன, நிப்பை ரிப்பேருக்குக் குடுத்திருந்தீங்களா?’ என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவர் தன் புதுப் பேனாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நான் கடைசி வரை கேட்டேன்.

இதுவரை சொன்னதில், ஒரு கடிதத்தையும் நான் கிழிக்கவில்லை, ஒளிக்கவில்லை, பிரித்துப் படிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் செய்தது ஒரு பேனாவுக்கு ஒரு மையைத் தேர்ந்தெடுத்தது மட்டும்தான். அதைத்தான் நாம் எல்லாரும் வாரா வாரம் செய்கிறோம். முழு விவரம் என்று விதி கேட்பதால் இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி.

அக்கா போன அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வீட்டுக்கு வந்தேன். மேஜையில் அக்கா காலையில் ஒட்டி வைத்த கடிதம் இருந்தது. இனி அதைத் தபாலில் போட வேண்டியதில்லை. சேர வேண்டியவளே மறுநாள் நேரில் வருகிறாள். அவள் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. முதல் முறையாகப் பிரித்தேன். ஊதா அப்படியே பளிச்சென்று இருந்தது.

‘ஏண்டி, இத்தனை லெட்டர் போட்டும் ஒரு வரி பதில் இல்லையே. முதல் லெட்டர்லயே அங்க வரலைன்னு எழுதினேன்னு கோபமா? உன் வீடு பெருசுன்னா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இவனை விட்டுட்டு எப்படி வர்றது? இவனுக்கு என்னை விட்டா அந்தப் பேனாக் கூட்டம்தான். அதுல ஒருத்தன்கூட இந்த வாசப்படி மிதிச்சதில்ல. நான் போயிட்டா சாயங்காலம் அந்த மையையெல்லாம் யார்கிட்ட காட்டுவான்? நான் இங்கயே இருந்துக்கறேன். முடிவு பண்ணியாச்சு, மறுபடி கேக்காதே. கழுத்துல கட்டி மறுபடி வந்திருக்குன்னு மூணு மாசமா எழுதறேன். பெருசாயிட்டே போகுது. இவன்கிட்ட சொன்னா பயந்துபோய் சாப்பிடாமக் கிடப்பான். நீ ஒரு நடை வந்து படம் எடுத்துப் பாரு, போதும். எனக்கு வேற இப்பல்லாம் மறதி. எழுதினேனா, எழுதினதா நினைச்சுக்கிட்டேனான்னே தெரியல. எழுதலேன்னா இப்ப எழுதிட்டேன்.’

இரண்டு முறை படித்தேன். மெல்லிய நிப்புக்கு அவள் கையெழுத்து நன்றாகவே பழகியிருந்தது.

தாளை மேஜையில் விரித்து, பறந்துவிடாமல் நாலு மூலையிலும் மைப்புட்டிகளை வைத்தேன். அந்த ஊதா காற்றுப் பட்டால்தான் சீக்கிரம் போகும். மின்விசிறியை முழு வேகத்தில் போட்டேன். மறுநாள் மதியம் அக்கா மகள் கதவைத் தட்டியபோது தாளில் ஒன்றும் இல்லை.